மன்றாட்டை யார் எழுதுவது?

சென்ற இதழில் நண்பர் ஒருவர், கத்தோலிக்கக் கோவில்களின் தமிழ் செத்துப்போய்விட்டதென்று ஆறு பக்கங்களுக்கு இழவு கொண்டாடியிருக்கிறார். பெயரை எழுதவேண்டியதில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற முந்நூறு பேருக்கும் தெரியும். நல்ல காது உள்ளவர், அவர் கவிதைகளில் நான்கைந்து எனக்கு மனப்பாடம். ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்திருப்பது விமர்சனம் அல்ல, பழம்பொருள் சேகரிப்பு. சேகரிப்பவருக்குப் பாத்திரத்தின் மேலிருக்கும் களிம்பு முக்கியம். அதில் யார் சமைத்தார்கள், யார் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், யாருக்குக் கொல்லைப்புறத்தில் இலை போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விவகாரம்.

அவருடைய வாதம் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னால் தமிழ்க் கத்தோலிக்கனுக்கென்று ஒரு மொழி இருந்தது. சர்வேசுரன், இஸ்பிரீத்து சாந்து, அர்ச்சியசிஷ்ட, சம்மனசு, குருசு, பாவசங்கீர்த்தனம், தேவத்திரவிய அனுமானம். சமஸ்கிருதமும் போர்ச்சுக்கீசும் பேச்சுத் தமிழும் கூடிக் குழைந்த ஒரு விசித்திரம். அர்த்தம் முழுக்கப் புரியாது. புரியாததனாலேயே அதில் ஒரு பயமும் ஒரு அழகும் இருந்தன. பிறகு கமிட்டிகள் வந்தன. சர்வேசுரன் இறைவனானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், பூசை திருப்பலியானது, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனமானது. கவிதை வெளியேறிற்று, வானொலிச் செய்தியறிக்கை உள்ளே வந்தது. கிறிஸ்துமஸ் நடுநிசியில் ஒரு கோவிலுக்குப் போய்விட்டு வந்து இதை எழுதியிருக்கிறார் என்பது கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் தெரியவருகிறது.

இதில் பாதி உண்மை. அதை மறுக்கிறவன் காதில்லாதவன். புதிய ஜெபங்களின் வாக்கியங்கள் லத்தீன் வாக்கியங்களின் எலும்புக்கூட்டின் மேல் தமிழ்த் தோலைப் போர்த்தியவை. முற்றுப்புள்ளிக்கு வந்துசேர்வதற்குள் குருவானவருக்கு மூச்சு முட்டுகிறது, கேட்கிறவனுக்கு எழுவாய் மறந்துபோகிறது. வாயால் சொல்லிப் பார்க்காமல் மேஜையில் வைத்துச் செய்த மொழி. ஒப்புரவு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் அதற்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஊருணியில் நீர் நிறைந்ததுபோல ஒருவன் செல்வம் ஊருக்குப் பயன்படுவது அங்கே அதன் பொருள். அந்தச் சொல்லைத் தூக்கிவந்து, பாதிரியார் காதில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு வைத்தார்கள். தூய தமிழ் வேண்டும் என்ற அவசரத்தில் தமிழுக்குள் அந்தச் சொல் ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கையைக் கவனிக்க நேரமில்லை. சாவியும் ஜன்னலும் மேசையும் அலமாரியும் அதே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தவைதாம். அவற்றை யாரும் வெளியேற்றவில்லை. குருசு மட்டும் வெளியேறவேண்டியிருந்தது.

மறுபாதிதான் தகராறு. நண்பர் ஒருநாள் இரவு வந்து கேட்டுவிட்டுப் போனார். நான் அம்பத்தூரில் இருக்கிறேன், ஞாயிறுதோறும் இந்தத் தமிழைக் கேட்கிறேன், அதைச் சொல்கிறவர்களோடு டீ குடிக்கிறேன். எங்கள் பங்கில் ஒருவரும் 'திருப்பலிக்குப் போகிறேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பூசைக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார்கள். 'ஏழரைப் பூசை', 'பூசை முடிஞ்சு கறி வாங்கிட்டு வந்துடு'. திருப்பலி என்பது நோட்டீஸில் இருக்கிற சொல், ஒலிபெருக்கியில் வருகிற சொல். ஆக, நண்பர் ஒப்பாரி வைத்த பிணங்களில் ஒன்றாவது எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறது. அவர் அச்சிட்ட புத்தகத்தை வாசித்துவிட்டு மொழி செத்துவிட்டதென்கிறார். மொழி அச்சில் மட்டும் இருப்பதாக நினைப்பது நம்மைப்போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு உள்ள தொழில் வியாதி.

பழைய மொழி மக்களிடமிருந்து முளைத்ததைப்போலவும், புதிய மொழி கமிட்டியிலிருந்து வந்ததைப்போலவும் அவர் எழுதுகிறார். இது சரித்திரம் அல்ல. தமிழ்க் கத்தோலிக்கரின் கடவுளுக்கு எப்போதுமே மேலிருந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள். 1578-ல் கொல்லத்தில் என்ரீக்கே என்ரீக்கஸ் அச்சிட்ட பதினாறு பக்கப் புத்தகத்தின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காகச் செய்தது. அங்கே கடவுள் தம்பிரான். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலிக்குத் தம்பிரான் போதவில்லை. அவருக்கு வேண்டியிருந்தவர்கள் வேறு ஆட்கள். பரதவருக்குப் பூசை செய்துகொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸிடமிருந்து அவர் தனி வீடு, தனிச் சமையல், தனிக் கோவில் என்று பிரிந்து போனார்; காவி உடுத்தினார்; சர்வேசுரன் அங்கேயிருந்துதான் ஊருக்குள் நடந்துவந்தார். நூறு வருஷம் கழித்துத் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன்களின் மரபில் பராபரன். 1871-ல் வந்த புரோட்டஸ்டண்டு பைபிளில் தேவன். 1995-ல் இரு சபைகளும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் கடவுள். நானூற்றுச் சொச்சம் வருஷத்தில் ஐந்து பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'யாரைக் கூப்பிடுகிறோம்' என்ற கணக்கு ஒன்று இருந்திருக்கிறது. சர்வேசுரன் என்ற சொல்லில் நண்பருக்குக் கேட்கிற இடி, மதுரையில் மேல்சாதிக்காரன் காதில் விழவேண்டுமென்று உண்டாக்கிய இடி. அது பிற்பாடு மக்கள் வாயில் புரண்டு மக்களுடையதாயிற்று என்பது வேறு விஷயம். அப்படி ஆகும் என்றால் இறைவனும் ஆவார். நூறு வருஷம் பொறுக்கவேண்டும், அவ்வளவுதான்.

நொபிலி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தமிழ் உரைநடை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அவர் வழியிலேயே 1640-ல் என்ன ஆயிற்று? பிராமண சன்னியாசியாக உலவிய பாதிரியார் தாழ்த்தப்பட்டோர் தெருவுக்குள் போகமுடியாது என்பதால், அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்று தனிப் பாதிரியார் வகையே ஏற்பட்டது. ஒரே சர்வேசுரன், இரண்டு வகைச் சாமியார். 1704-ல் போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, நோயாளியான பறையர் வீட்டுக்குள்ளும் குரு போகவேண்டும் என்று உத்தரவு போடவேண்டியிருந்தது. சாகிறவன் வீட்டுக்குள் போ என்று சொல்ல ஒரு உத்தரவு! அது நாற்பது வருஷம் இழுபறியாகி, 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில், அந்த வேலைக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுகிறோம் என்ற சமரசத்தில் முடிந்தது. பழைய அழகான மொழியில் இதற்கெல்லாம் இடையூறு ஏதும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

நண்பருடைய கட்டுரைக்கு ஒரு முன்மாதிரி உண்டு, அவருக்கே தெரிந்திருக்கலாம். 1971-ல் இங்கிலாந்தில் எழுத்தாளர்களும் சங்கீதக்காரர்களும் சேர்ந்து ஆறாம் பவுலுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். பழைய லத்தீன் பூசையை ஒழித்துவிடாதீர்கள், அது ஐரோப்பியக் கலாச்சாரத்தின் சொத்து என்று. கிரஹாம் கிரீன் கையெழுத்திட்டார், சரி, அவர் கத்தோலிக்கர். ராபர்ட் கிரேவ்ஸ் கையெழுத்திட்டார், ஐரிஸ் மர்டாக் கையெழுத்திட்டார், அகதா கிறிஸ்டியும் கையெழுத்திட்டார். போப் மற்ற பெயர்களைத் தாண்டி அகதா கிறிஸ்டி பெயரைப் பார்த்ததும் அனுமதித்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அனுமதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கால் போடாதவர்கள், முழங்கால் போடுகிறவன் எந்த மொழியில் பேசவேண்டும் என்று தீர்மானிக்க விண்ணப்பித்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் படுகிற விஷயம். எலியட் 1962-ல் புதிய ஆங்கில பைபிளின் மொழியைக் கிழித்தெறிந்தது வேறு ரகம். அவர் அந்த மொழியைத் தினமும் கேட்கவேண்டியிருந்தவர், தன் சபையின் விவகாரத்தைத் தானே பேசினார். நம் நண்பர் எலியட்டைத்தான் மேற்கோள் காட்டுகிறார், ஆனால் செய்திருப்பது அகதா கிறிஸ்டி வேலை.

இனி அம்பத்தூர்.

எங்கள் பங்கு பழைய கிராமத்துப் பங்கு மாதிரி அல்ல. இங்கே வம்சம் வம்சமாகத் தேர் இழுத்த குடும்பம் கிடையாது. 1950-களில் டி.ஐ. சைக்கிள்ஸ், அப்புறம் டன்லப், பாடியில் லூகாஸ், 1964-ல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக வர, வேலைக்கு வந்தவர்களோடு சேர்ந்து மாதாவும் சூசையப்பரும் அந்தோணியாரும் ரயிலேறி வந்தார்கள். நெல்லையிலிருந்து நாடார்கள், தூத்துக்குடி, கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து பரதவர்கள், தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துக்காரர்கள், ராமநாதபுரத்து உடையார்கள், விழுப்புரம், செங்கல்பட்டு, வடஆற்காட்டிலிருந்து தலித்துகள், வன்னியர்கள். கொஞ்சம் மலையாளிகள், அவர்களுக்குத் தனிப் பூசை. ஒண்டுக்குடித்தனம், அரை கிரவுண்டு, லோன், மாடி. டன்லப் மூடிவிட்டது, எஸ்டேட்டில் லேத்து பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், 2011-லிருந்து நாங்கள் சென்னை மாநகராட்சிக்காரர்கள். பிரசங்கத்தில் அடிக்கடி வருகிற ஒரு பெருமை: 'இது கிராமம் இல்லை, இங்கே நாமெல்லாம் ஒரே குடும்பம்.' கமிட்டித் தமிழில் இதற்கு 'இறைமக்கள் சமூகம்' என்று பெயர்.

பெருமையில் ஓரளவு நியாயம் உண்டு. ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். ஒரே வரிசையில் போய் நன்மை வாங்குகிறோம். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்திக்கொண்டு பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோவிலுக்கு நடக்கிற கூட்டத்தில் யார் எவர் என்று கேட்பதில்லை, கேட்க மூச்சும் இருக்காது. கொரோனாவில் கோவில் பூட்டிக்கிடந்தபோது யூட்யூபில் பூசை பார்த்தோம். வாடகை கொடுக்கமுடியாத வீடுகளுக்கு அரிசி போனது, சாதி பார்க்காமல் போனது. நான் பார்த்தேன்.

ஆனால் ஓலை வாசிக்கிற நேரத்தில் கோவிலில் ஒரு அமைதி வரும், கவனித்திருக்கிறீர்களா? கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு, பூசை முடிகிற சமயத்தில், இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருக்கும் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. பிரசங்கத்தில் கொட்டாவி விட்டவன் இதற்கு நிமிர்ந்து உட்காருவான். சாதி பேர் வருவதில்லை. ஊர் பேர் வருகிறது. ஊர் பேரும் தகப்பன் பேரும் போதும். பெண்ணின் பூர்வீகப் பங்கு கடற்கரை, பையனின் பூர்வீகப் பங்கு செங்கல்பட்டுப் பக்கம் என்றால் பெஞ்சில் ஒரு சின்ன அசைவு. மூன்று விநாடிதான். அதற்குள் முழு ஜனத்தொகைக் கணக்கும் எடுத்து முடிந்துவிடுகிறது. இத்தனை வருஷத்தில் அந்த அசைவை உண்டாக்கிய ஓலைகளை என்னால் ஒரு கை விரலில் எண்ணிவிடமுடியும். மற்றதெல்லாம் நெல்லைக்கு நெல்லை, விழுப்புரத்துக்கு விழுப்புரம். ஒரே குடும்பம் என்கிறார்களே, குடும்பத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்ற விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்களோ என்னவோ.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். அங்கே இன்னொரு ஓலை படிக்கக் கிடைக்கிறது. பாஸ்புக்கில் முருகேசன் என்றிருக்கிறவர் (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் சூசை. பாஸ்புக், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் முருகேசன். ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் சூசை. காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டோம். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதியாகமாட்டான் என்கிறது. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்துவனாகிவிட்டால் தீண்டாமை தீர்ந்துவிட்டது என்று சர்க்கார் நம்புகிறது. சர்க்காருக்கு இந்த நம்பிக்கையை ஊட்டியவர்கள் நம்முடைய பிரசங்கிகள்தாம் என்றுகூடச் சொல்லலாம். கவுண்டரில் அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன், டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பேர் சொல்லிக் கூப்பிடமுடியாத ஒரு உறவுக்கு இறைமக்கள் சமூகம் என்பது கொஞ்சம் பெரிய சொல்.

சுவர்களின் கதையை நண்பர் படிக்கவேண்டும். அவருக்குப் பழசு பிடிக்கும் அல்லவா, இதுவும் பழசுதான். புதுச்சேரிக் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்துவைத்த சுவரை 1745-ல் இடித்தபோது நடந்த ரகளையை ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளை கிறிஸ்துவர் அல்ல. வேடிக்கை பார்ப்பவருடைய நிதானத்தோடு எழுதுகிறார், அதனாலேயே நல்ல உரைநடை. வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம் நாடாருக்கு ஒரு பக்கம் என்று, ஒரு பீடமும் இரண்டு கால்களுமாக, கால்சட்டை மாதிரிக் கோவில் கட்டினார்கள். 1910-ல் அங்கே சுவர் விழுந்தது. கோர்ட்டுக்குப் போன வெள்ளாளர்கள் மதராஸ் ஹைகோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்று இதை ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைக்குள் செத்தவர்களைப் பிரித்து ஒரு சுவர். இதெல்லாம் சர்வேசுரன் காலத்துச் சங்கதி என்றால், எறையூர்? 2008 மார்ச் 9. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. அன்று காலைப் பூசையில் புதிய தமிழ்தான் ஒலித்திருக்கும். எல்லாச் சொற்களும் சுத்தமாக, இலக்கணப் பிழையில்லாமல்.

ஆகவே சர்வேசுரனா இறைவனா என்பது எனக்குச் சண்டையே இல்லை. இரண்டு மொழியும் ஒரு காரியத்தை ஒரே மாதிரி செய்கின்றன. அது என்ன என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பங்குகளில் அன்பியம் என்று ஒன்று உண்டு. தெருவாரியாக முப்பது நாற்பது வீடுகள், மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ கூடத்திலோ கூடி ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, கடைசியில் அவரவர் கருத்துக்களைச் சொல்லி மன்றாடுவது. சுண்டலும் டீயும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், வீட்டு வேலை செய்கிற ஒரு அம்மாள் இப்படி ஜெபித்தார்: 'ஆண்டவரே, எம் புள்ளைய கம்பெனி வாசல்லயே மூணு மாசமா நிறுத்தி வச்சிக்கிறான். உள்ள வான்னும் சொல்லமாட்டேன்றான், வூட்டுக்குப் போன்னும் சொல்லமாட்டேன்றான். நானும் போய்க் கேட்டேன், வாட்ச்மேனு பதில் சொல்றான். நீயாவது இன்னா ஏதுன்னு கேளு.' கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வழக்கப்படி எல்லோரும் பதில் ஜெபம் சொன்னோம்.

அந்த ஞாயிறு பூசைக்கு மன்றாட்டு எங்கள் அன்பியத்தின் முறை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதிக்கொடுப்பார். நல்ல மனிதர், அந்த அம்மாளின் மகனுக்காக இரண்டு இடத்தில் போய்ச் சொல்லியும் பார்த்தவர். அவர் எழுதியது: வேலைவாய்ப்பின்றித் தவிக்கும் இளைஞர்கள் அனைவரும் தங்கள் தகுதிக்கேற்ற பணியைப் பெற்று நிறைவாழ்வு வாழ்ந்திட வேண்டுமென்று இறைவா உம்மை மன்றாடுகிறோம். அந்த அம்மாள் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அது தம்முடைய ஜெபம் என்று அவருக்குத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என்னென்ன தொலைந்தது பாருங்கள். கம்பெனி வாசல் போயிற்று. வாட்ச்மேன் போனான். மூன்று மாதம் போயிற்று. நிறுத்தி வைத்திருக்கிற 'அவன்' போய்விட்டான். பிரச்னை இருக்கிறது, செய்தவன் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 'நீயாவது' போயிற்று. அந்த ஒரு சொல்லில் உலகத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டும் கடவுளின் மேல் ஒரு சந்தேகமும் ஒரு கட்டளையும் சேர்ந்திருந்தன. பதிலுக்கு நிறைவாழ்வு கிடைத்தது. நண்பர் இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, நான் சொன்ன புதிய தமிழின் லட்சணம் இதுதான் என்பார். பொறுங்கள். இதையே 1950-ல் ஒரு உபதேசியார் எழுதியிருந்தால்? 'சர்வ தயாபரராகிய சர்வேசுரா, ஜீவனோபாயமற்ற அடியோர்கள்பேரில் கிருபைகூர்ந்தருளும்' என்றிருக்கும். காதுக்குச் சுகம். வாட்ச்மேன் அதிலும் இல்லை.

இதில் வேடிக்கை, இந்த மன்றாட்டுத்தான் சங்கம் செய்த காரியங்களிலேயே துணிச்சலானது. 1963 டிசம்பர் 4-ல், எதிராக நான்கே வாக்குகளோடு நிறைவேறிய வழிபாட்டுச் சட்டத்தில், பல நூற்றாண்டுகளாக வழக்கொழிந்திருந்த விசுவாசிகளின் மன்றாட்டை மீண்டும் கொண்டுவந்தார்கள். பூசையில் மற்ற வார்த்தையெல்லாம் அச்சிட்டது, குருவானவர்கூட மாற்றக்கூடாது. இந்த ஐந்து நிமிடம் மட்டும் அந்தந்த ஊர் மக்கள் தம் சொந்த வார்த்தையில் பேசலாம். அறுபது வருஷத்தில் நாம் அந்த ஐந்து நிமிடத்தை என்ன செய்தோம் என்றால், அதற்கும் புத்தகம் போட்டோம். முக்கால்வாசி ஞாயிறுகளில் எங்கள் பங்கில் அந்தப் புத்தகத்திலிருந்து பார்த்துத்தான் வாசிக்கிறார்கள்.

பண்பாட்டுமயமாக்கல் என்ற பெயரில் நடந்ததும் இதே கதை. 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்டு ரோமாபுரி பன்னிரண்டு அம்சங்களுக்கு அனுமதி கொடுத்தது. தரையில் உட்காரலாம், கைகூப்பலாம், எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். நல்லது. ஆனால் எந்த இந்தியாவிலிருந்து எடுத்தார்கள்? கோவில் கருவறையிலிருந்து. சேரியிலிருந்து எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. குத்துவிளக்கு பீடத்தருகே வந்து எத்தனை காலம் கழித்துப் பறை வாசற்படி தாண்டியது என்று யாராவது கணக்கெடுக்கவேண்டும். இன்றும் எங்கள் பங்கில் பறை தேரோடு தெருவில் போகும், கோவிலுக்குள் கீபோர்டு. தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டு காரியம் செய்த ஒரு மனிதர் கத்தோலிக்கர் அல்ல, தென்னிந்தியத் திருச்சபைக்காரர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன். 2005-ல் மறைந்தார். கிராமத்துப் பேச்சில், நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டையே எழுதினார். நம் பத்திரிகைகள் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறதா? 'நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிட்டோம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டு போனார்.

நம் யோக்யதையையும் பார்த்துவிடலாம். ஐம்பது வருஷப் புதுக்கவிதையில் சிலுவை இல்லாத தொகுதி ஒன்றைக் காட்டுங்கள். கவிஞனுக்குக் காதல் தோல்வியா, சிலுவை. ஆபீஸில் புரமோஷன் கிடைக்கவில்லையா, ஆணி. சினேகிதன் கடன் திருப்பித் தரவில்லையா, யூதாஸ், முப்பது வெள்ளிக்காசு. இவ்வளவு சிலுவைக்கும் ஒரே ஒரு பங்குகூடக் கவிதைக்குள் வரவில்லை. கோவில்பிள்ளை வரவில்லை, ஓலை வாசிக்கிற மூன்று விநாடி வரவில்லை, சூசையாகவும் முருகேசனாகவும் இருக்கிறவர் வரவில்லை. சிலுவை நமக்கு வாடகைக்குக் கிடைக்கிற படிமம்; அதைச் சுமக்கிற ஜனம் தேவைப்படவில்லை. வந்த இடத்தில் அது உரைநடையில் வந்தது, அதையும் நம்மவர்கள் 'இலக்கியமா, வாக்குமூலமா' என்று கேட்டார்கள். 1992-ல் பாமாவின் 'கருக்கு'. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு பெண், தன் ஊர்ப் பேச்சிலேயே, பூசையும் புதுநன்மையும் சாதியும் ஒன்றாகக் கிடந்த வாழ்க்கையை எழுதினார். சர்வேசுரன் தமிழும் இல்லை, இறைமக்கள் தமிழும் இல்லை. மூன்றாவதாக ஒரு தமிழ் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நண்பருடைய ஆறு பக்கத்தில் 'கருக்கு' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. வீரமாமுனிவர் நான்கு தடவை வருகிறார்.

அவர் பதில் எழுதுவார், எழுதட்டும். அதற்கு முன்னால் ஒருமுறை அம்பத்தூருக்கு வரட்டும். கிறிஸ்துமஸ் நடுநிசிக்கு வேண்டாம், அன்றைக்கு எல்லோரும் புதுத்துணி போட்டுக்கொண்டு நல்ல தமிழ் பேசுவார்கள். வருகிற மாதம் மூன்றாவது சனிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு எங்கள் அன்பியக் கூட்டம், ஒரகடம் பக்கம் ஒரு வீட்டு மாடியில். ஸ்டேஷனில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும், நான் வந்து கூட்டிப்போகிறேன். தமிழாசிரியருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஒரு மாதத்துக்கு எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஞாயிற்றுக்கு மன்றாட்டு எழுத ஆளில்லை. நண்பர் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவரட்டும். அந்த அம்மாள் வருவார், மகன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். அவர் சொல்வதைச் சொல்கிறபடி எழுதிக்கொடுக்க நண்பருக்குக் கை வருகிறதா என்று பார்க்கலாம்.